துருப்பிடித்த பட்டர்... 4 பிரிட்டிஷ் ஓபன்: பாபி லாக் தன் ஸ்டைலை ஏன் மாத்தவே இல்லை?

கோல்ஃப்ல பந்தைக் குழிக்குள்ள உருட்டி விடுற கடைசி வேலைக்குப் பேரு பட்டிங். அதுக்குன்னே இருக்கிற மட்டைதான் பட்டர் (வெண்ணெய் இல்லைங்க!). சாதாரணமா 72 ஷாட்ல முடிக்க வேண்டிய ஆட்டத்துல, ஒரு குழிக்கு 2 வீதம் 36 ஷாட் பட்டிங்குக்குன்னே கணக்கு. அதாவது சரிபாதி!

இந்தப் பாதி ஆட்டத்தை வச்சே உலகத்தை ஜெயிச்சவர் தென்னாப்பிரிக்காவின் பாபி லாக். பார்க்கிறவங்களுக்கு அவர் பண்ணது எல்லாமே தப்பா தெரிஞ்சது என்பதுதான் சுவாரஸ்யம்.

யார் இந்த லாக்?

1917-ல் ஜெர்மிஸ்டன் நகரத்தில் பிறந்தார். முழுப்பெயர் ஆர்தர் டார்சி லாக். இரண்டாம் உலகப் போரில் தென்னாப்பிரிக்க விமானப்படையின் குண்டுவீச்சு விமானி. போர் முடிந்ததும் அமெரிக்க நட்சத்திரம் சாம் ஸ்னீட் தென்னாப்பிரிக்கா வந்தார். இருவரும் மோதிய 16 ஆட்டத்தில் லாக் ஜெயிச்சது 12, ஸ்னீட் ஜெயிச்சது வெறும் 2. அசந்துபோன ஸ்னீட், அமெரிக்கா வந்து ஆடச் சொல்லி அவரைக் கூப்பிட்டார்.

அப்படி என்ன தப்பு பண்ணார்?

லாக் எந்த ஷாட் அடிச்சாலும் பந்து வலதுபக்கம் கிளம்பி, வளைஞ்சு இடதுபக்கம் வந்து விழும். அது அவர் கையோட இயல்பு. வேற யாரா இருந்தாலும் கோச் வச்சு இதைச் சரிபண்ணியிருப்பாங்க. லாக் அதைத் திருத்தாம, அந்த வளைவுக்கு ஏத்த மாதிரி வலதுபக்கமே குறிபார்க்கப் பழகிட்டார்.

பட்டிங்லயும் அதே கதை. உடம்பைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி நிற்பார். மட்டையை நேரா பின்னால இழுக்காம, உடம்பை ஒட்டி உள்பக்கமா கொண்டுபோவார். கையில இருந்தது மரத்தண்டு வச்ச, தலை துருப்பிடிச்ச ஒரு பழைய பட்டர். எல்லாரும் ஸ்டீல் தண்டுக்கு மாறின பிறகும் அவர் மாறலை.

அது ஏன் வேலை செஞ்சது?

தன் ஸ்டைலால பந்து முன்நோக்கிச் சுழன்று, குழியை நல்லா பிடிக்குதுன்னு லாக் நம்பினார். இயற்பியல் அதை முழுசா ஒத்துக்கலை. யார் தட்டினாலும் பந்து முதல்ல கொஞ்சதூரம் சறுக்கும், அப்புறம்தான் உருளும்.

அப்போ ரகசியம் எங்க? வேகத்துல. குழியைச் சுத்தி இருக்கிற மூணு அடி தரையை நிதானமா ஆராய்வார், ஏன்னா பந்து மெதுவாகி அதிகமா வளையுறது அங்கதான். பிறகு ரெண்டு தடவை சும்மா வீசிப் பார்ப்பார், தயங்காம தட்டுவார். ஒவ்வொரு முறையும் இதே வரிசை. டிரைவ்ல இருந்து பட்டிங் வரை ஒரே மாதிரி அசைவு, பல வருஷமா பழகின ஒரே மட்டை. நெருக்கடியில கை குழம்ப வாய்ப்பே இல்லை.

வெற்றியும் விலையும்

1947-ல் அமெரிக்கா போன முதல் சீசனிலேயே 6 பட்டங்கள். 1948-ல் சிகாகோவில் 16 ஷாட் வித்தியாசத்தில் ஒரு வெற்றி. 1949-ல் அமெரிக்க பிஜிஏ அமைப்பு அவருக்குத் தடை போட்டது. ஒப்புக்கொண்ட போட்டிகளுக்கு வரவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். வெளியூர்க்காரர் பரிசுப் பணத்தை அள்ளிட்டுப் போறார் என்ற எரிச்சல்தான் நிஜக் காரணம்னும் பேச்சு இருந்தது. 1951-ல் தடை நீங்கினாலும், அவர் பெரும்பாலும் மற்ற நாடுகளில்தான் ஆடினார். பிரிட்டிஷ் ஓபனை 1949, 1950, 1952, 1957 என 4 முறை வென்றார்.

1960-ல் ரயில்வே கிராசிங்கில் அவர் கார் மீது ரயில் மோதியது. பார்வை பாதிக்கப்பட்டது. தரையின் சரிவைக் கண்ணால் படிச்சே ஜெயிச்சவருக்கு அது பேரிடி. பழைய ஆட்டம் திரும்பவே இல்லை. 1977-ல் உலக கோல்ஃப் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது. 1987-ல் காலமானார்.

இன்னைக்கு நமக்கு என்ன?

இப்போ பட்டர் வாங்கப் போனா, கேமரா வச்சு உங்க கை அசைவைப் பார்த்துட்டுத்தான் மட்டையே காட்டுறாங்க. நீங்களே ஒரு சோதனை செய்யலாம். பட்டரோட தண்டை விரல்மேல படுக்க வச்சு பேலன்ஸ் பண்ணுங்க. தலையோட நுனி கீழே தொங்கினா, அது லாக் மாதிரி வளைவா வீசுறவங்களுக்குப் பொதுவா பொருந்தும். அடிக்கிற முகப்பு வானத்தைப் பார்த்தா, நேரா பின்னால இழுத்து நேரா தட்டுறவங்களுக்கு.

ஆனா வரிசை முக்கியம். முதல்ல உங்க கை இயல்பா எப்படிப் போகுதுன்னு பாருங்க, மட்டையை அப்புறம் தேடுங்க. லாக் கடைசிவரை அந்த வரிசையை மாத்தலை.