உடும்புக்குப் பெயரிட்ட உத்தம நண்பர்

மேற்கு ஆப்பிரிக்காவின் புல்வெளிகளிலே, வளைகளில் வசித்து, நத்தை, வண்டு, மரவட்டை முதலியவற்றைத் தின்று வாழும் உடும்பினம் ஒன்றுண்டு. அதன் தோலிலுள்ள வட்டப் புள்ளிகள் அம்மைக் கொப்புளங்கள் போலத் தோன்றும். 1792-ஆம் ஆண்டில், செனகல் நாட்டிலிருந்து கிடைத்த அவ்வுடும்பை விவரித்து, கொப்புளமுடையது என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டவர் லூயி போஸ்க் என்னும் பிரெஞ்சு அறிஞர். அவர்தம் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

போஸ்க் 1759-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் பாரிஸ் மாநகரிற் பிறந்தார். தந்தையார் புராட்டஸ்டண்டு மரபினர், மருத்துவர், கண்ணாடித் தொழில் நுணுக்கங்களையும் கற்றவர். மைந்தர் தபால் இலாகாவில் அலுவல் பார்த்துக்கொண்டே செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் ஆராய்ந்து வந்தார். ரோலான் என்பாரும் அவர்தம் மனைவியாரும் அவருக்கு உயிர் நண்பராயினர்.

பிரெஞ்சுப் புரட்சி கொடுங்கோலாய் மாறிய 1793-ஆம் ஆண்டு, ஜூன் மாதத் தொடக்கத்தில் ரோலான் அம்மையார் சிறைப்பட்டார். அவருக்கு நண்பரென்று சொல்லிக்கொள்வதே உயிருக்குக் கேடாயிருந்த காலம் அது. எனினும், போஸ்க் சிறைக்குச் சென்று அவரைக் கண்டார். தப்பியோடிய ரோலானுக்கு மோன்மொரான்சிக் காட்டிலிருந்த தமது குடிலில் இடமளித்தார். அம்மையார் சிறையில் எழுதிய நினைவுக் குறிப்புகளைப் பெற்று மறைத்துக் காத்தார். நவம்பர் 8-ஆம் நாள் அம்மையார் கொலைக்களத்தில் மாண்டார். அச்செய்தி கேட்ட கணவரும் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். ஆதரவற்று நின்ற பன்னிரண்டு வயது மகளுக்குப் போஸ்க் பாதுகாவலரானார். 1795-இல் அக்குறிப்புகளை அச்சிட்டு, அதன் வருவாயை அப்பெண்ணுக்கே உரியதாக்கினார்.

அடுத்த ஆண்டில் அமெரிக்கா சென்று, கரோலினாப் பகுதியில் செடிகளையும் மீன்களையும் பூச்சிகளையும் திரட்டினார். திரும்பி வந்தபின், தாம் அரிதிற் சேர்த்தவற்றைப் பிற அறிஞர்கள் ஆராயுமாறு மனமுவந்து வழங்கினார். 1825-இல் பாரிஸ் தாவரத் தோட்டத்திற் பேராசிரியரானார். 1828-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் காலமானார். முன்னாளில் நண்பருக்குப் புகலிடமாயிருந்த அக்காட்டிலேயே அவருடல் அடக்கம் செய்யப்பட்டது.

போஸ்க் இட்ட பெயரின் முற்பகுதியைப் பின்வந்த அறிஞர் மாற்றினர். கொப்புளத்தைக் குறித்த பகுதி இன்றும் நின்று நிலவுகின்றது. ஓர் உடும்பின் தோலிலுள்ள புள்ளியையும் அற்பமென்று தள்ளாதவர், இறந்துபோன நண்பரின் எழுத்தையும் தள்ளினாரில்லை. கண்டதை உள்ளவாறு உரைத்தலும் ஒப்புவிக்கப்பட்டதை உண்மையாய்க் காத்தலும் ஒரே குணத்தின் இரு கிளைகளென்று நாம் எண்ணுகின்றோம். கல்வி பயிலும் நமக்கு அக்குணம் வாய்க்குமாக.