கட்டிலை விட்டுக்கொடுத்த அம்மாள்

அர்ச். ழான் ஜுகான் 1792-ல் பிரான்சு தேசத்துக் கான்கால் ஊரில் பிறந்தாள். தகப்பன் கடலில் மாண்டான். பணிப்பெண்ணாய் உழைத்துப் பிழைத்தாள். 1839-ம் ஆண்டுக் குளிர்காலத்தில், பார்வையற்று ஆதரவின்றிக் கிடந்த ஆன் ஷோவேன் என்னும் கிழவியை வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் கட்டிலை அவளுக்குக் கொடுத்தாள். பின்பு முதியோருக்காகக் கூடையேந்தி வீடுவீடாய்ப் பிச்சையெடுத்தாள். ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை இப்படிப் பிறந்தது. அவளோ 1852-ல் ஒதுக்கப்பட்டு, சபையை ஸ்தாபித்தவள் என்ற பெயரும் மறைக்கப்பட்டு, 27 வருடம் மௌனமாய் வாழ்ந்து 1879-ல் மரித்தாள். 2009-ல் அர்ச்சிஷ்ட பட்டம் பெற்றாள்.

அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் கொடுமைக்கு ஆளாகிறார் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. அடிப்பது மாத்திரமா கொடுமை? ஏசுவதும், பணத்தைப் பறிப்பதும், மருந்து கொடாதிருப்பதும் கொடுமையே. உங்கள் வீட்டுப் பெரியவர் இன்றிரவு எங்கே படுத்திருக்கிறார்? பார்த்துவிட்டு ஜெபத்துக்கு உட்காருங்கள்.