ஹைதர் அலி வாங்காத ஜாமீன்

அந்நியன் படையெடுத்து வந்த காலத்தில் அவனோடு சமாதானம் பேசுவதா, அன்றி இறுதிவரை போர் புரிவதா என்ற கேள்வி தேச சரித்திரங்களில் ஓயாது எழுந்துகொண்டிருப்பது. பேசுவோம் என்பவரைக் கோழைகள் என்றும், போரிடுவோம் என்பவரை மூர்க்கர்கள் என்றும் ஏசிவிடுவது எளிது. அவ்வாறு ஏசுவதால் கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. விடை தேடுவோர் தூரதேசங்களுக்குச் செல்ல வேண்டுவதுமில்லை. பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பிரதேசத்து ஜனங்கள் இரண்டு தலைமுறைகளுக்குள் கண்டும் கேட்டும் அனுபவித்த ஒரு சரித்திரம் நமக்கு உண்டு. அது மைசூர் ஹைதர் அலியின் சரித்திரம்.

கோலார்ச் சீமையிலுள்ள பூதிக்கோட்டையில் பிறந்த ஹைதர் எழுத்தறியாதவர். சாதாரணப் போர்வீரராகத் தொடங்கி, 1749-இல் தேவனஹள்ளி முற்றுகையில் பெயர் பெற்று, 1755-இல் திண்டுக்கல்லின் பௌஜுதாராகி, 1761-இல் மைசூர் ராஜ்யத்தின் அதிகாரம் முழுவதையும் கைப்பற்றினார். அரசர் பெயருக்கு இருந்தார், ஆண்டவர் ஹைதரே. இந்த வளர்ச்சியைக் கும்பெனியார் பொறுக்கவில்லை. 1767-இல் நிஜாமோடும் மகாராஷ்டிரரோடும் சேர்ந்து மைசூரின்மீது பாய்ந்தனர். ஹைதர் மகாராஷ்டிரருக்குப் பொன் கொடுத்து அனுப்பினார். நிஜாமைத் தம் பக்கம் திருப்பினார். ஆனால் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் தோல்வி கண்டதும், நிஜாம் 1768 பிப்ரவரியில் கும்பெனியாரோடு தனியாகச் சமாதானம் செய்துகொண்டு விலகினார்.

ஹைதர் தனித்து நின்றார். கர்னல் ஸ்மித்தின் படை கிருஷ்ணகிரியையும் கோலாரையும் பிடித்து உள்நாடு வரை வந்துவிட்டது. அப்பொழுது ஹைதர் சமாதானம் கேட்டார். பாராமகாலையும் 10 லட்சம் ரூபாயையும் கொடுக்க முன்வந்தார். கும்பெனியார் அது போதாதென்று மேலும் கேட்டனர். பேச்சு முறிந்தது. தாழ்ந்தவன் சமாதானம் கேட்டால் எதிரி அதனைச் சமாதானமாகக் கொள்வதில்லை. இன்னும் கறக்கலாம் என்பதற்கு அடையாளமாகவே கொள்கிறான்.

அதன்பின் ஹைதர் காட்டிய வேகம் யுத்த சாஸ்திரம் பயில்வோர் இன்றும் வியப்பது. சில மாதங்களில் இழந்த கோட்டைகளை மீட்டார். 1769 மார்ச்சில் பெரும்படையை வேறு வழியே அனுப்பிவிட்டு, பொறுக்கியெடுத்த 6,000 குதிரை வீரரோடு மூன்றரை நாளில் 130 மைல் கடந்து பரங்கிமலையில் வந்து நின்றார். ஸ்மித்தின் சைனியம் பின்னே எங்கோ இருந்தது. கோட்டைக்குள் இருந்த கவர்னரும் கவுன்ஸிலும் கலங்கினர். முந்திய ஆண்டு 10 லட்சமும் போதாதென்றவர்கள், இப்பொழுது பேசுவதற்குத் தாங்களே ஆள் அனுப்பினர்.

முற்றுகைப் பீரங்கி இல்லாத குதிரைப்படையால் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடிக்க இயலாது. ஆகவே அந்த வேளையில் பேசியதே விவேகம் என்று நாம் கருதுகிறோம். 1769 ஏப்ரலில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிடித்த இடங்களை இருதரத்தாரும் திருப்பிக் கொடுப்பது. எவர் மீதேனும் பிறர் படையெடுத்தால் மற்றவர் துணைக்கு வருவது. இவையே முக்கிய ஷரத்துகள். இந்த வாக்குறுதிக்கு ஹைதர் ஒரு கோட்டையையும் ஈடாகப் பெறவில்லை. ஓர் ஆளையும் பிணையாகக் கேட்கவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்குள் மகாராஷ்டிரர் மைசூரில் புகுந்தனர். 1771-இல் சின்குர்லியில் ஹைதரின் படை சிதறியது. கும்பெனியாரிடம் உதவி கேட்டார். ஒரு சிப்பாயும் வரவில்லை. பெரும்பொருளும் நிலமும் கொடுத்து 1772-இல் தப்பினார். அந்த வஞ்சனையை அவர் மறக்கவேயில்லை.

1779-இல் கும்பெனியார் மாஹியைப் பிடித்தது கடைசிக் காரணமாயிற்று. 1780 ஜூலையில் ஹைதர் பெருஞ்சைனியத்தோடு கர்நாடகத்தில் இறங்கினார். குண்டூரிலிருந்து வந்த கர்னல் பெய்லியின் படை கொசஸ்தலையாற்று வெள்ளத்தால் பல நாட்கள் தடைபட்டது. செப்டம்பர் 10-ஆம் தேதி, காஞ்சீபுரத்துக்கு வடக்கே புள்ளலூரில், ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட அப்படை அழிந்தது. பக்ஸார் வீரர் மன்றோ தம் பீரங்கிகளைக் காஞ்சீபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார். ஹைதரோ அவரைத் தொடரவில்லை. சென்னைக்குத் தூதும் அனுப்பவில்லை. ஆற்காட்டை முற்றுகையிடச் சென்றார். மறுபடி கைக்கு வந்த வேளை நழுவியது. நவம்பரில் ஐர் கூட் வங்காளத்திலிருந்து கடல்வழியே படையோடு வந்தார். 1781-இல் பரங்கிப்பேட்டையிலும் சோளிங்கரிலும் ஹைதர் தோற்றார். 1782 மே மாதம் சால்பாயில் மகாராஷ்டிரர் கும்பெனியாரோடு தனியாகச் சமாதானம் செய்துகொண்டனர். அவ்வாண்டு டிசம்பர் 7-ஆம் தேதி, சித்தூருக்கு அருகே, முதுகில் வந்த ராஜபிளவையால் ஹைதர் பாசறையிலேயே இறந்தார்.

இந்த யுத்தத்தின் விலையை யார் கொடுத்தார்கள்? பூந்தமல்லிச் சீமை அப்பொழுது கும்பெனியாரின் ஜாகீர். எதிரிக்குத் தானியம் கிடைக்கலாகாதென்று ஹைதரின் குதிரைவீரர் சென்னையைச் சுற்றிய நாட்டை அழித்தனர். கிராமங்கள் பாழாயின; குடிகள் பட்டணத்துக்கு ஓடிவந்தனர். 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி வார்க்கத் தோன்றியதே சென்னை மணியக்காரர் சத்திரம். உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்களும் அதனை முறித்தவர்களும் இக்குடிகளை ஒரு வார்த்தை கேட்டதில்லை. போரே வழி என்று மேடையில் முழங்குவோர் இதனை நினைவில் வைத்தல் வேண்டும்.

கடன்பத்திரம் பொய்த்தால் நியாயஸ்தலத்தில் டிக்ரி பெறலாம். ராஜ்யங்கள் எழுதிக்கொண்ட பத்திரம் பொய்த்தால் அமீனா எவரும் வருவதில்லை. ஆகையால் ஜாமீன் பெற்ற பின்னரே கையெழுத்திட வேண்டும். ஹைதர் அறியாத இவ்வுண்மையைக் காரன்வாலிஸ் நன்கு அறிந்திருந்தார். 1792-இல் நிஜாமையும் மகாராஷ்டிரரையும் துணைகொண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருக்கியபொழுது, திப்புவிடமிருந்து பாதி ராஜ்யத்தையும், 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும், பிணையாக இரண்டு புதல்வர்களையும் வாங்கிக்கொண்டே சமாதானம் செய்தார். மீந்த பாதி 1799-இல் போயிற்று.

படையெடுப்புக்குள்ளான தேசம் சமாதானம் பேசுவது இழிவன்று. கையில் வலிமை இருக்கும்பொழுதே பேசுக. அண்டையாரைத் தனித்தனியே பிரியவிடாமல் சேர்த்துக்கொண்டு பேசுக. வாக்குத் தவறினால் எதிரி எதனை இழப்பான் என்பதை முதலில் எழுதிக்கொண்டு, அதன் பின்னர்க் கத்தியை உறையில் இடுக. இம்மூன்றும் கைகூடாத வரையில், போரை நிறுத்துவது அடுத்த போருக்குத் தவணை வாங்குவதேயாகும்.