பாட்டுக்கு உரியவர்

பாடியவர் பெயர் அறியப்படாத பாட்டுக்கு உரியவர் யார்? இவ்வினா எழுந்தபோதெல்லாம் நான் சி. வி. வேலுப்பிள்ளையையே நினைக்கிறேன்.

1914ஆம் ஆண்டு நுவரெலியா மாவட்டத்து மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் புகுந்தார். மறு ஆண்டே, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவரைத் தேர்ந்த தோட்ட மக்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாட்டுரிமை இழந்தோரின் நாவிலிருந்த பாட்டையேனும் காத்தல் வேண்டும் என்று அவர் கருதினார் போலும். கொழுந்து கொய்வோரின் பாடல்களைக் கேட்டுத் திரட்டினார். தாமே கவிஞராகிய அவர், அவற்றைத் தம் படைப்பென உரிமை கொண்டாடியிருப்பின் எந்தத் தொழிலாளி வழக்காடியிருக்க இயலும்? அவரோ, தொகுத்த நூலுக்கு ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்றே பெயரிட்டார்.

1984இல் அவர் மறைந்தார். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியரின் பதிப்புரிமை அவர் இறந்தபின் 70 ஆண்டுகள் நீடிக்கும். ஆகவே அவருடைய சொந்தக் கவிதைகளுக்கு 2054 வரை காவலுண்டு. நாட்டார் பாடலுக்கோ அச்சட்டம் வேறொரு நெறி வகுத்தது: அச்சிடுவோர் அது பிறந்த சமூகத்தையோ இடத்தையோ குறித்தல் வேண்டும். சட்டம் பின்னர் விதித்ததை அவர் மனச்சான்று முன்னரே செய்து முடித்தது.