ஓரணாத் தீர்மானம்

நுழையும்முன்

நாட்டை ஆளும் அவைகளின் செய்திகள் நாளேடுகளின் முதற்பக்கத்தில் இடம்பெறுகின்றன. ஊரை ஆளும் மன்றங்களின் செய்திகள் உட்பக்கத்தின் ஓரத்தில் ஒதுங்கிவிடுகின்றன. எனினும் காலையில் குழாயில் வரும் நீரும், இரவில் தெருவில் எரியும் விளக்கும், வாசலில் சேரும் குப்பையும், பிள்ளைகள் பயிலும் தொடக்கப்பள்ளியும் ஊர்மன்றங்களின் முடிவுகளையே சார்ந்துள்ளன. அத்தகைய மன்றம் ஒன்றில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணியாற்றியவர் சர் பிட்டி தியாகராயர். அவருடைய தலைமையில் ஒருநாள் நிறைவேறிய சிறு தீர்மானம் ஒன்று தமிழகத்தின் வரலாற்றில் நீங்கா இடம்பெற்றது. அவர்தம் வாழ்வையும் அத்தீர்மானத்தின் கதையையும் இப்பாடத்தில் காண்போம்.

தறியொலி கேட்டு வளர்ந்தவர்

தியாகராயர் 1852-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் பிறந்தார். அவருடையது நெசவும் வணிகமும் செய்து செழித்த குடும்பம். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1876-ஆம் ஆண்டில் இளங்கலைப் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றோர் அரசுப் பணியை நாடிய அக்காலத்தில், அவர் குலத்தொழிலைக் கைவிடவில்லை. ஏறத்தாழ நூறு தறிகள் இயங்கிய நெசவுக்கூடம் ஒன்றை நடத்தினார். தென்னிந்திய வர்த்தகக் கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவராக விளங்கி, பல ஆண்டுகள் அதன் தலைவராகவும் இருந்தார்.

அவருடைய தோற்றமே அவருக்கொரு பெயரைத் தேடித் தந்தது. உயர் அலுவலரைக் காணச் செல்வோர் மேனாட்டு உடையணிவதே மரபு என்றிருந்த காலத்திலும் அவர் தூய வெள்ளாடையையே விரும்பி அணிந்தார். அதனால் மக்கள் அவரை வெள்ளுடை வேந்தர் என அன்போடு அழைத்தனர்.

ஊர்மன்றத்தில் நாற்பது ஆண்டுகள்

சென்னை மாநகராட்சி, கிழக்கிந்தியக் கும்பினியின் பட்டயத்தால் 1688-ஆம் ஆண்டில் தோன்றியது. தொடங்கி இருநூறு ஆண்டுகளாகியும் அதன் ஆட்சி பெரும்பாலும் அலுவலர்கள் கையிலேயே இருந்தது. ஊராட்சியில் மக்களுக்கும் பங்கு வேண்டும் என்னும் கொள்கையை 1882-ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட தீர்மானத்தின் வாயிலாக ரிப்பன் பிரபு வலியுறுத்தினார். அதே ஆண்டில்தான் முப்பது வயது இளைஞராகத் தியாகராயர் மாநகராட்சி மன்றத்தினுள் அடியெடுத்து வைத்தார்.

மன்றத்தின் முன் வந்த பொருள்கள் காவியத்தில் பாடத்தக்கவை அல்ல. எந்தத் தெருவுக்கு விளக்குக் கம்பம் நடுவது, எந்தச் சாக்கடையை முதலில் தூர்வாருவது, சந்தையின் குத்தகையை யாருக்கு அளிப்பது, வீட்டுவரியை எவ்வளவு உயர்த்துவது என்பன போன்றவையே கூட்டந்தோறும் நிகழ்ச்சி நிரலை நிறைத்தன. உறுப்பினர் ஒருவர் முன்மொழிவார், மற்றொருவர் வழிமொழிவார், செலவு எவ்வளவு, அதற்கான நிதி எத்தலைப்பில் உள்ளது என்பன ஆராயப்படும், பின்னர் வாக்கெடுப்பு நடைபெறும். பொறுமையற்றோர்க்கு இப்பணி சலிப்பூட்டும். பொறுப்புடையோர்க்கு இதுவே மக்கள் வாழ்வைத் தொடும் வழி.

தியாகராயர் மன்றத்தில் இருந்த காலம் நகரம் விரைந்து மாறிய காலமாகும். செங்குன்றம் ஏரியிலிருந்து திறந்த கால்வாய் வழியே நீர் பெற்று வந்த சென்னைக்கு, 1914-ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்திலிருந்து மணலில் வடிகட்டிய நீர் கிடைக்கத் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டில், எர்ரபாலு செட்டித் தெருவில் இயங்கிய மாநகராட்சி, ரிப்பன் பெயர் தாங்கிய வெண்ணிற மாளிகைக்குக் குடிபெயர்ந்தது.

குளத்தால் பிரிந்தவர் கொள்கையால் இணைதல்

ஊர்மன்றத்தின் வழக்குகள் சிறியவையாகத் தோன்றினும், பெரியோரையும் எதிரெதிர் நிறுத்தும் ஆற்றல் உடையவை. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில் குளம் தொடர்பாக மன்றத்தில் எழுந்த வழக்கு அத்தகையது. அப்பகுதியின் உறுப்பினராக இருந்த மருத்துவர் டி.எம். நாயரும் தியாகராயரும் அதில் மாறுபட்டு நின்றனர். இருவரும் தாம் கொண்ட கருத்தில் உறுதியுடையவர்கள். ஒரு குளத்தைப் பற்றிய வேறுபாடு அவர்களிடையே நீண்ட மனத்தாங்கலாக வளர்ந்தது.

ஆயினும் அப்பிளவு நிலைக்கவில்லை. கல்வியிலும் அரசுப் பணியிலும் பிற்பட்டிருந்த பெரும்பான்மை மக்களுக்கு உரிய பங்கு வேண்டும் என்னும் நோக்கம் இருவர்க்கும் பொதுவாக இருந்தது. மருத்துவர் நடேசனார் இருவரையும் ஒன்றுசேர்க்க முயன்று வெற்றி கண்டார். 1916-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் தோன்றியது. அச்சங்கமே பின்னர் நீதிக்கட்சி எனப் பெயர்பெற்றது. நாயர் 1919-ஆம் ஆண்டில் இலண்டனில் மறைந்தபின், கட்சியை வழிநடத்தும் பொறுப்பு முழுவதும் தியாகராயர் தோளில் விழுந்தது.

165 பிள்ளைகள்

1919-ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம், மன்றத்திற்குக் கூடுதல் அதிகாரம் அளித்தது. அலுவலர் அல்லாத ஒருவர் மன்றத்தின் தலைவராகும் வாய்ப்பு அமைந்தது. அப்பெருமையை முதன்முதலில் பெற்றவர் தியாகராயரே ஆவார்.

அக்காலத்தில் ஆயிரம்விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பள்ளி ஒன்று இயங்கிவந்தது. அங்குப் பயின்றோர் மிக வறிய குடும்பத்துப் பிள்ளைகள். கல்விக்குக் கட்டடம் இருந்தது, ஆசிரியர் இருந்தனர். ஆனால், நண்பகலில் உண்ண உணவில்லாத பிள்ளைக்குப் பள்ளி நெடுந்தொலைவில் இருப்பதாகவே தோன்றும். வறுமையால் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை பாதிக்கப்படுவதைத் தியாகராயர் உணர்ந்தார். நண்பகலில் சிற்றுண்டி வழங்கினால் அப்பிள்ளைகள் பள்ளியில் நிலைப்பர் எனக் கருதினார்.

1920-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் அக்கருத்து மன்றத்தில் தீர்மானமாக வந்தது. மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்கலாம் என்பதே அதன் சாரம். மன்றம் அதற்கு ஒப்புதல் அளித்தது.

ஓர் உரூபாய்க்குப் பதினாறு அணாக்கள். அப்பள்ளியின் பிள்ளைகள் 165 பேர். அனைவர்க்கும் வழங்கினாலும் நாளொன்றுக்குப் பத்து உரூபாய் ஐந்து அணாவுக்குமேல் செலவாகாது. மாநகராட்சியின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் அது கடலில் ஒரு துளி. ஆனால், அத்துளியை ஒதுக்குவது எளிய முடிவன்று. சாலையும் சாக்கடையும் அமைப்பது ஊர்மன்றத்தின் கடமை என்பதை எவரும் ஒப்புவர். பிள்ளையின் பசியும் அதன் கடமையுள் அடங்குமா என்பது அதுவரை கேட்கப்படாத வினா. மன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமையோ வரி, சொத்து ஆகியவற்றின் அடிப்படையில் அமைந்திருந்தது. ஆதலின், வாக்கில்லா எளியோரின் பிள்ளைகளுக்காக, வரிசெலுத்துவோரின் பணத்தை ஒதுக்கும் முடிவை அம்மன்றம் எடுத்தது. ஓரணாத் தீர்மானத்தின் பெருமை இங்கேதான் உள்ளது.

வேண்டாமென்ற பதவி

அத்தீர்மானம் நிறைவேறிய சில திங்களில் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்குத் தேர்தல் நடைபெற்றது. இரட்டையாட்சி முறையில் நடந்த அம்முதல் தேர்தலில் நீதிக்கட்சி வென்றது. ஆளுநர் வெலிங்டன் பிரபு, அமைச்சரவை அமைக்குமாறு தியாகராயரை அழைத்தார். மாகாணத்தின் முதலமைச்சர் பதவி வாயில் தேடி வந்தும் அவர் அதனை ஏற்கவில்லை. கடலூரைச் சேர்ந்த சுப்பராயலு ரெட்டியார் 1920-ஆம் ஆண்டு டிசம்பரில் அப்பதவியை ஏற்றார்.

பதவியை மறுத்த தியாகராயர் பொதுப்பணியை மறுக்கவில்லை. கட்சித் தலைமையுடன் மாநகராட்சிப் பணியையும் தொடர்ந்தார். சாலை, நீர், விளக்கு, பள்ளி எனப் பழகிய பொருள்களே அவர்முன் வந்து நின்றன. சட்டமன்றம் பெரியது, ஊர்மன்றம் சிறியது என்னும் அளவுகோல் அவரிடம் இல்லை.

நிதியும் விதியும்

ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கிய சிற்றுண்டித் திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. விளைவு விரைவில் புலப்பட்டது. திட்டம் நடைபெற்ற பள்ளிகளில் 1922-23-ஆம் ஆண்டில் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை, 1924-25-ஆம் ஆண்டில் 1671 ஆக உயர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் இருமடங்குக்குமேல் பெருகிய அவ்வெண்ணிக்கை, பசிக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டும் சான்றாகும்.

எனினும், ஊர்மன்றத்தின் விருப்பம் மட்டுமே ஒரு திட்டத்தை வாழவைத்துவிடாது. தொடக்கக் கல்விக்கென ஒதுக்கிய நிதியிலிருந்து சிற்றுண்டிக்குச் செலவிடுவதை ஆங்கில அரசு ஏற்கவில்லை. கல்வி நிதி கல்விக்கே உரியது, உணவு அதனுள் அடங்காது என்பது அரசின் நிலைப்பாடு. 1925-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து திட்டம் நிறுத்தப்பட்டது. தியாகராயர் அப்போது தலைவர் பொறுப்பில் இல்லை. அதே ஆண்டில் அவர் இயற்கை எய்தினார்.

தீர்மானத்தை நிறைவேற்றும் உரிமை மன்றத்திடம் இருந்தது. நிதியைத் தடுக்கும் உரிமை அரசிடம் இருந்தது. உள்ளாட்சி என்பது தேர்தலால் மட்டும் முழுமை பெறுவதன்று, தன் பணத்தைத் தன் மக்களின் தேவைக்கேற்பச் செலவிடும் உரிமையும் அதற்கு வேண்டும் என்னும் பாடத்தை இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கிறது.

விதைத்ததும் விளைந்ததும்

நிறுத்தப்பட்ட திட்டத்தின் கருத்து மடிந்துவிடவில்லை. காமராசர் ஆட்சியில் 1956-ஆம் ஆண்டு மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவியது. 1982-ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-ஆம் ஆண்டில் அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. அளவாலும் அமைப்பாலும் இவை வேறுவேறானவை. எனினும், பள்ளிக்கு வரும் பிள்ளையின் பசியை ஆற்றுவது பொதுப்பணத்தின் கடமை என்னும் எண்ணம் அனைத்திற்கும் பொதுவானது. அவ்வெண்ணத்திற்கு ஒரு மன்றத்தின் ஒப்புதலைப் பெற்றுத் தந்தவர் தியாகராயர்.

ரிப்பன் மாளிகை வளாகத்தில் அவருடைய சிலை நிற்கிறது. பெரிய ஏரியாக இருந்த நிலத்தில் உருவான குடியிருப்புப் பகுதி தியாகராய நகர் என அவர் பெயரால் வழங்குகிறது. குளத்தின் பொருட்டு அவரோடு மாறுபட்ட நாயரின் பெயரிலும், இருவரையும் இணைத்த நடேசனாரின் பெயரிலும் அந்நகரில் இடங்கள் உள்ளன. மன்றத்தில் மோதியவர்கள் ஊரின் வரைபடத்தில் அண்டை அயலாராக வாழ்கின்றனர்.

ஊராட்சி தொடங்கி மாநகராட்சி வரை, மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களுக்குத் தமிழகத்தின் உள்ளாட்சி முறை இடமளிக்கிறது. கிராமசபைக் கூட்டங்களில் வாக்காளர் அனைவரும் கலந்துகொண்டு பேசலாம். அங்கு எழும் பொருள்கள் இன்றும் குடிநீர், சாலை, விளக்கு, குப்பை என்பவையே. பதினெட்டு வயதை எட்டவிருக்கும் இளைஞர்க்கு அக்கூட்டங்களின் வாயில் விரைவில் திறக்கும். தம் தெருவில் எந்தப் பசி இன்னும் ஆறாமல் இருக்கிறது என்பதைக் கண்டறிந்து, அதற்கு எவ்வளவு செலவாகும் எனக் கணக்கிட்டு, தீர்மானமாக முன்வைக்கக் கற்றவரே நல்ல குடிமக்கள். ஓரணாக் கணக்கோடு மன்றத்தில் அமர்ந்த தியாகராயரின் வாழ்வு அதற்குச் சிறந்த வழிகாட்டியாகும்.