துயரத்தின் நட்டநடு: டெனிசன் பெருமகனார் வரலாறு

ஆங்கிலத்தில் மிட்மோஸ்ட் என்பது ஒரு பழஞ்சொல். மிட் என்பது நடு. மோஸ்ட் என்பது மிகுதியின் எல்லையைக் குறிக்கும் ஈறு. இரண்டுங் கூடி, நடுவினும் நடுவாகிய இடத்தை உணர்த்தும். நம்மவர் நட்டநடு என்று ஒரு சொல்லையே இரட்டித்துப் பெறும் பொருளை ஆங்கிலேயர் ஓர் ஈற்றினாற் பெறுகின்றனர். பேச்சு வழக்கில் அருகிப்போன இச்சொல்லைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புலவர் சிலர் விரும்பி ஆண்டனர். வில்லியம் மாரிஸ் என்பார் 1868 முதல் 1870 வரை வெளியிட்ட மண்ணுலகத் துறக்கம் என்னும் பெருநூலின் முகப்புப் பாட்டிலே, கொந்தளிக்குங் கடலிடையே தாம் படைக்க முயலும் இன்பத் தீவின் இடத்தைச் சுட்ட இதனை அமைத்தார். அங்கே அலைகள் வெளியே மோதுகின்றன. இன்பம் உள்ளே தனித்து நிற்கின்றது. அவருக்கு முன்னரே இச்சொல்லைத் துயரத்தின் உள்ளத்திற்கு உரியதாக்கியவர் ஆல்பிரட் டெனிசன். அச்சொல்லை அவர் அடைந்த வழியையே யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

டெனிசன் 1809-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரிலுள்ள சாமர்ஸ்பி என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர்க் குருவானவர். அவர் மூத்த மகனாயிருந்தும் குடும்பச் செல்வத்தின் பெரும்பகுதி இளையவருக்கே உரியதாயிற்று. அக்கசப்பு அவரை வாட்டிக் குடிக்கும் அடிமையாக்கிற்று. ஆகவே குருமனையாயினும் அமைதி குடியிருந்த இல்லமன்று அது. பிள்ளைகள் பலர் நிறைந்த அவ்வீட்டிலே ஆல்பிரட் இளமையிலேயே பாட்டிற் புகலடைந்தார்.

1827-இல் அவர் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியிற் சேர்ந்தார். நாணமும் தனிமையும் மிக்க அவ்விளைஞர்க்கு அங்கே கிடைத்த பேறு ஆர்தர் ஹென்றி ஹாலம் என்னும் நண்பர். ஹாலம் வரலாற்றாசிரியர் ஒருவரின் மைந்தர், டெனிசனினும் இளையர், சொல்வன்மையும் கூரிய அறிவும் வாய்ந்தவர். 1829-இல் டிம்பக்டு என்னும் பொருள்பற்றிப் பாட்டெழுதும் பரிசுப் போட்டியில் இருவரும் எதிர்நின்றனர். பொற்பதக்கம் டெனிசனுக்குக் கிடைத்தது. ஒரே பரிசை நாடிய இருவர் அதனாற் பகையாது நட்பிற் சிறந்தமை கல்லூரியில் வாழும் நாம் கருதத்தக்கது. 1830-இல் இருவரும் பிரனீஸ் மலைநாட்டிற்கு ஒருங்கே பயணஞ் செய்தனர். ஹாலம் டெனிசனின் தங்கை எமிலியை மணம்புரிய உறுதி செய்துகொண்டார்.

இன்பம் நெடிது நிற்கவில்லை. 1831-இல் தந்தையார் இறக்கவே, டெனிசன் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டார். 1832-இன் இறுதியில் வெளிவந்த அவருடைய பாடற்றொகுதியை அடுத்த ஆண்டு ஒரு திறனாய்வாளர் இரக்கமின்றி எள்ளி எழுதினார். அப்புண் ஆறுமுன்னர் அதனினுங் கொடியது வந்தது. 1833 செப்டம்பர் 15-ஆம் நாள், தந்தையாருடன் வியன்னா நகரில் தங்கியிருந்த ஹாலம் இறந்தார். உலாவச் சென்று மீண்ட தந்தை, சாய்விருக்கையிற் கிடந்த மகன் உறங்குவதாகவே முதலில் எண்ணினாராம். மூளையில் ஏற்பட்ட குருதிக் கேடு இருபத்திரண்டு வயது வாழ்வை முடித்துவிட்டது. உடலம் கடல்வழியாகக் கொணரப்பெற்று, 1834 சனவரியில் கிளீவ்டன் என்னும் கடற்கரையூர்க் கோயிலில் அடக்கஞ் செய்யப்பட்டது.

அன்று தொடங்கி ஏறக்குறையப் பதினேழாண்டுகள் டெனிசன் நண்பரை நினைந்து சிறுசிறு பாட்டுக்கள் எழுதிவந்தார். கணக்கேடுபோல் நீண்டதொரு குறிப்பேட்டில் அவற்றை எழுதி வைத்தார். நூலாக்கும் எண்ணம் தொடக்கத்தில் அவர்க்கு இல்லை. அவை தமிழிலக்கண நூலார் கையறுநிலை என்று வகுத்த துறையைச் சார்ந்தவை. ஆனால் அழுகையோடு அவை அமையவில்லை. இறந்தார் எங்குளர்? இறைவன் அன்புருவினனாயின் இவ்விழப்பு எதற்கு? இவ்வினாக்களை அவர் மறைக்கவில்லை. லயல் என்பாரின் நிலவியல் நூலைக் கற்று, உயிரினங்கள் கூட்டங்கூட்டமாய் அழிந்தொழிந்தமையை உணர்ந்தபோது, படைப்பினிடத்தே இரக்கங் காணாது திகைத்தார். டார்வினின் நூல் 1859-இல் வெளிவருமுன்னரே அத்திகைப்பு அவர் பாட்டிற் பதிந்துவிட்டது. ஐயத்தை அடக்கி வைத்த பத்தியன்று அவருடையது. ஐயத்தோடு போராடித் தளர்ந்தும் எழுந்தும் சென்ற பத்தி.

அந்நூலின் யாப்பு நோக்கத்தக்கது. ஒவ்வொரு பாவும் நான்கடி உடையது. முதலடியும் ஈற்றடியும் தம்முள் இயைபு பெற, இடையிரண்டடிகள் தம்முள் இயைபு பெறுகின்றன. வெளியடிகள் இரண்டும் கைகளாய் நின்று உள்ளடிகளை அணைத்துக்கொள்வன போலும். நடுவிலே ஒன்றைப் பொதிந்து காக்கும் இவ்வடிவம் அவர் கூறவந்த பொருளுக்கு மிகவும் இசைந்தது.

இனி, யாம் எடுத்துக்கொண்ட சொல்லுக்கு வருவோம். நூலின் 131 பகுதிகளுள் 88-ஆவது ஒரு காட்டுப் பறவையை நோக்கியது. அதன் பாட்டிலே முரண்பட்ட உணர்ச்சிகள் ஒன்றுகூடி ஒலிக்கக் கேட்டுப் புலவர் வியக்கின்றார். துயரத்திற்கும் ஓர் உள்ளம் உண்டென்று கொண்டு, அவ்வுள்ளத்தின் நட்டநடுவைச் சுட்ட மிட்மோஸ்ட் என்னுஞ் சொல்லை ஆளுகின்றார். ஆங்கே அவர் காண்பது மறைந்திருக்கும் ஒரு மகிழ்ச்சி. துயரத்தைக் கடந்து அப்பாற் சென்றால் மகிழ்ச்சி வருமென்பது உலகோர் கூறும் ஆறுதல். டெனிசன் கூறுவது அஃதன்று. அன்பு செய்தவனே துயருறுகின்றான். ஆதலின் துயரத்தைப் பிளந்து பார்ப்பின் உள்ளே இருப்பது அவ்வன்பே. துயரத்தை முற்றும் எறிந்துவிட முயல்வோர் அதனுள் இருக்கும் மகிழ்ச்சியையும் எறிந்துவிடுவர். இதனை அவர் நூலின் தொடக்கத்திற் கூறவில்லை. இரண்டு கிறிஸ்துமஸ் திருநாட்களை நண்பரின்றிக் கழித்த பின்னரே கூறுகின்றார். அக்காலம் கழியாமல் அச்சொல் பிறந்திராது என்பது எம் துணிபு.

இதற்கிடையே வாழ்க்கையும் அவரை வருத்தாமலில்லை. மரச்செதுக்குத் தொழில் ஒன்றில் முதலிட்டுப் பொருளிழந்தார். எமிலி செல்வுட் என்னும் மங்கையோடு நிகழ்ந்த மண உறுதி 1840-இல் முறிந்தது. 1842-இல் வெளியிட்ட இரு தொகுதிகள் புகழளித்தன; 1845-இல் அரசாங்கம் ஆண்டுக்கு 200 பவுன் உதவித்தொகை வழங்கிற்று. 1850-ஆம் ஆண்டோ அவர் வாழ்வின் திருப்பமாயிற்று. இலண்டனில் தாம் தங்கியிருந்த வீட்டில் அக்குறிப்பேட்டை மறந்து வைத்துவிட, கவிஞர் கவென்ட்ரி பேட்மோர் சென்று மீட்டுக் கொணர்ந்தார். அன்று அது தொலைந்திருக்குமாயின் பதினேழாண்டு உழைப்பு பாழாகியிருக்கும். அவ்வாண்டிலேயே இன் மெமோரியம் என்னும் பெயரால், ஆசிரியர் பெயரின்றி, நூல் வெளிவந்தது. சூன் 13-இல் எமிலி செல்வுட்டை மணந்தார். வொர்ட்ஸ்வொர்த் மறைந்தமையின் நவம்பரில் அரசவைப் புலவரானார். 1861-இல் கணவரை இழந்த விக்டோரியா பேரரசியார் வேதாகமத்திற்கு அடுத்தபடியாக இந்நூலிலேயே ஆறுதல் கண்டார் என்பர். ஓர் இளைஞரின் பொருட்டு எழுந்த அழுகை அரண்மனையிலும் துணையாயிற்று.

புலவர் தம் மூத்த மகனுக்கு ஹாலம் என்றே பெயரிட்டார். இளைய மகன் லயனல் இந்திய அலுவலகத்திற் பணியாற்றியவர். அவர் இந்நாட்டிற்கு வந்து அரசப் பிரதிநிதி டபரின் பிரபுவின் விருந்தினராயிருந்தபோது காய்ச்சலுற்றார். தாயகம் திரும்புகையில் 1886 ஏப்ரல் 20-ஆம் நாள் கப்பலிலேயே உயிர்நீத்தார். செங்கடலே அவர் கல்லறையாயிற்று. முன்னாளில் நண்பரின் உடலம் ஆழ்கடலிற் புதையாது தாய்மண்ணை அடைய வேண்டுமென்று ஏங்கிப் பாடியவர் டெனிசன். அவ்வேண்டுதல் அன்று நிறைவேறிற்று. முதுமையிலோ மகனைக் கடலுக்கே கொடுத்தார். டபரின் பிரபுவிற்கு நன்றி கூறி அவர் எழுதிய பாட்டு 1889-இல் அச்சேறியது. அதற்கு அவர் தேர்ந்துகொண்டது, இளமையில் நண்பருக்காகக் கையாண்ட அதே நான்கடி யாப்பேயாகும். அரைநூற்றாண்டு கழிந்தும், துயரை ஏந்தி அணைக்க அவ்வடிவமே அவர்க்கு உதவிற்று.

அதே தொகுதியில் இறப்பைத் துறைமுக மணற்றிட்டைக் கடக்கும் கப்பற் பயணமாகக் கண்டு பாடிய சிறுபாட்டும் உளது. தம் பாட்டுத் தொகுதிகள் யாவற்றிற்கும் அதனையே இறுதியில் வைக்குமாறு மகன் ஹாலத்திடம் பணித்தார். நண்பரைச் சுமந்துவந்த கடல், மகனை விழுங்கிய கடல், ஈற்றில் இறைவனிடம் தம்மைக் கொண்டுசெல்லும் கடலாகவே அவர் கண்ணுக்குத் தோன்றிற்று. 1892 அக்டோபர் 6-ஆம் நாள், நிலவொளி படிந்த அறையில், சேக்ஸ்பியரின் நூலொன்று அருகிருக்க உயிர் துறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அவர் உடல் துயில்கின்றது.

கல்லூரியிற் பெற்ற நட்பு ஒருசில ஆண்டுகளே நிலைத்தது. அதனால் உண்டான நூல் இன்றும் வாசிக்கப்படுகின்றது. நம்முள்ளும் இளமையிலேயே அன்பரை இழந்தார் உளர். அவர்க்குத் துயரம் தீருமென்று கூறுதல் எளிது. டெனிசன் அங்ஙனங் கூறாது, அதன் நட்டநடுவரை சென்று பார்த்து வந்தவராய் நம்முன் நிற்கின்றார்.