இருபத்தொரு வயதில் ஒரு நாவல்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவர்)

நாவல் எழுத வேண்டுமென்றால் தலை நரைத்திருக்க வேண்டும், ஊர் பல சுற்றியிருக்க வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த நினைப்பைப் பொய்யாக்கியவர் பி. ஆர். ராஜமையர். 'கமலாம்பாள் சரித்திரம்' வெளிவரத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்று. என்னைவிட ஒரே ஒரு வயது மூத்தவர்!

1872ஆம் ஆண்டு, அன்றைய மதுரை மாவட்டத்து வத்தலக்குண்டில் அவர் பிறந்தார். சென்னை கிறித்துவக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். சட்டமும் படித்தார், ஆனால் கறுப்பு அங்கி அணிந்து வழக்காடும் வாழ்க்கை அவருக்கு அமையவில்லை. கம்பனும் ஆங்கிலக் கவிதையும் வேதாந்தமும் அவர் உள்ளத்தைக் கவர்ந்திருந்தன.

தமிழில் அப்போது நாவல் என்பதே புதிய வரவு. வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சேறி, பதினான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. முன்மாதிரிகள் மிகச் சில. இந்நிலையில்தான் 1893 முதல் 1895 வரை, 'விவேக சிந்தாமணி' மாத இதழில் ராஜமையர் தம் கதையைத் தொடராக எழுதினார். தொடர்கதையில் ஓர் இடர் உண்டு. சென்ற மாதம் அச்சானதை இந்த மாதம் திருத்த இயலாது. வாசகர் கண்ணெதிரே நடந்துகொண்டே நடை பழக வேண்டும்!

அவர் எதை எழுதினார்? அரசரையும் மந்திரியையும் தேடிப் போகவில்லை. சிறுகுளம் என்ற ஒரு கிராமத்தை எழுதினார். அதில் வம்பளக்கும் பெண்கள் கூட்டம் உண்டு, ஜல்லிக்கட்டு உண்டு, அம்மையப்ப பிள்ளை என்னும் வேடிக்கையான தமிழ்ப் பண்டிதர் உண்டு. சிரிக்கச் சிரிக்கச் செல்லும் கதை பிற்பாதியில் திசை திரும்புகிறது. செல்வத்தை இழந்த முத்துசாமி ஐயர், மனைவி கமலாம்பாள்மீது சுமத்தப்பட்ட பழியைக் கேட்டு நிலைகுலைந்து, துறவை நாடுகிறார். இரு பகுதிகளும் ஒட்டவில்லை எனக் குறை கூறும் திறனாய்வாளர் உண்டு. எனக்கோ, எழுத எழுத ஓர் இளைஞன் உள்ளே வளர்ந்ததன் தடமாகவே அந்தத் திருப்பம் தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அறிவியல் படிப்பவனுக்குக் கதை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ராஜமையருக்கு வாய்த்த கல்விச் சூழல் என் முன்னோர்க்கு வாய்க்கவில்லை என்பதும் உண்மை. ஆயினும், அவர் நாவலுக்கு இட்ட முதல் எது? தாம் பார்த்த தெரு, கேட்ட பேச்சு. அந்த முதல் என்னிடமும் இருக்கிறது. களத்துமேட்டில் என் பாட்டி பேசும் பேச்சு இன்னும் எந்த நூலிலும் ஏறவில்லையே!

1896இல் சென்னையில் தொடங்கிய 'பிரபுத்த பாரதா' என்னும் ஆங்கில இதழுக்கு ராஜமையர் ஆசிரியரானார். 1898ஆம் ஆண்டு மே மாதம், இருபத்தாறாம் வயதில் மறைந்தார். அவரது முதல் தமிழ் நாவலே கடைசி நாவலும் ஆயிற்று. வயது வரட்டும், வசதி வரட்டும் என்று அவர் காத்திருந்தால் தமிழுக்குச் சிறுகுளம் கிடைத்திருக்குமா?

நண்பர்களே, நம் ஊர்களும் எழுதுவாரின்றிக் காத்திருக்கின்றன. தேர்வுக்கு வாங்கிய நோட்டில் மிஞ்சிய தாள்கள் போதும், தொடங்குவோம்!